ஹவுஸ் ஒய்ஃப் என்று சொன்னேன்

சாட்சிக் கூண்டில் நான் ஏறியது அதுதான் முதல் முறை. 2015இல் எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் லாரி மோதி அம்மா இறந்துபோனார். அவருக்கு 61 வயது. இரண்டு வருடம் கழித்து இழப்பீட்டு வழக்கில் என்னை விசாரித்தார்கள். இன்ஷூரன்ஸ் தரப்பு வக்கீல் குரலை உயர்த்தவில்லை, மிரட்டவில்லை. மரியாதையாகத்தான் கேட்டார்.

"உங்க அம்மா என்ன வேலை பார்த்தாங்க?"

"ஹவுஸ் ஒய்ஃப்."

"வருமானம்?"

"மாடு ரெண்டு வெச்சிருந்தாங்க. சொசைட்டிக்குப் பால் ஊத்துவாங்க."

"சொசைட்டி பாஸ்புக் யார் பேர்ல இருக்கு?"

"அப்பா பேர்ல."

"அப்போ அம்மாவுக்குன்னு தனியா வருமானம் ஒண்ணும் இல்லை. சரிதானே?"

அதற்கு நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. வாக்குமூலத்தின் நகலில் 'சரிதான்' என்று இருக்கிறது.

நான் கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். இளங்கலை மாணவிகளுக்கு ஆங்கில மொழி வரலாறு என்று ஒரு தாள் உண்டு. அதில் சொற்களின் பொருள் மாறுவதைப் பற்றி ஓர் அத்தியாயம். உயர்ந்த பொருளிலிருந்து இழிந்த பொருளுக்குச் சரிந்த சொல்லுக்கு வழக்கமாகக் கொடுக்கும் உதாரணம் 'ஹஸ்ஸி'. நடத்தை சரியில்லாதவள் என்று பொருள். அந்தச் சொல் 'ஹவுஸ் ஒய்ஃப்' என்பதன் தேய்ந்த வடிவம். ஐந்து மதிப்பெண் கேள்வி. "வீட்டுக்காரம்மாவா இருந்தவ எப்படிக் கெட்டுப்போனா பாருங்க" என்று நானே சொல்லி வகுப்பைச் சிரிக்க வைத்திருக்கிறேன். இப்படிப் பத்தொன்பது வருடம் இந்தச் சொல்லைப் பிரித்துப் பிரித்துக் காட்டியவள், கூண்டில் ஏறி ஒரே மூச்சில் அதை அம்மாவின் மேல் ஒட்டிவிட்டு இறங்கினேன்.

அதற்கு முன்பு எங்கள் வக்கீல் ஒரு யோசனை சொல்லியிருந்தார். "தையல் வேலை செஞ்சாங்கன்னு சொல்லிடுங்க மேடம். மாசம் ஒன்பதாயிரம்னு போடலாம். தெரிஞ்ச கடையில ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிக்கலாம். ஹவுஸ் ஒய்ஃப்னா அஞ்சுதான் நிக்கும்." அம்மாவுக்குத் தைக்கத் தெரியும். பாவாடைக்கு நாடா வைப்பார், தலையணை உறை தைப்பார், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஜட்டி தைத்துக் கொடுப்பார். காசு வாங்கியதில்லை. நான் பொய்ச் சத்தியம் செய்ய மாட்டேன் என்றேன். அண்ணன் அன்று என்னிடம் பேசவில்லை.

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த நேர்மைதான். நான் பொய் சொல்லவில்லை, அது சரி. ஆனால் உண்மையைச் சொன்னேனா? காலை நாலரைக்கு எழுந்து கட்டுத்தரையைக் கூட்டி, சாணி அள்ளி, பால் கறந்து, ஆறு மணிக்குள் சொசைட்டியில் ஊற்றி, வந்து சமைத்து, வயலுக்குப் போய்ப் புல் அறுத்து, மதியம் மாட்டைக் கழுவி, சாயங்காலம் மறுபடியும் கறந்த ஒரு பெண்ணை அந்தச் சொல்லுக்குள் அடைத்தால், அது சத்தியத்துக்குக் கட்டுப்பட்ட பதில்தானா? தையல்காரி என்று சொல்லியிருந்தால் அது பொய். ஹவுஸ் ஒய்ஃப் என்று சொன்னது எந்தக் கணக்கில் வரும்?

எனக்குத் தெரிந்த ஒரே வழியில், அதாவது சொல்லின் வரலாற்றைத் தோண்டிப் பார்க்கிற வழியில், இதை யோசித்துப் பார்த்தேன்.

பழைய ஆங்கிலத்தில் 'வீஃப்' என்றால் முதலில் பெண் என்றே பொருள். கல்யாணமானவளா இல்லையா என்பது இரண்டாவது சங்கதி. பிரசவம் பார்க்கும் 'மிட்வைஃப்' யாருடைய மனைவியும் அல்ல. 'மிட்' என்றால் அந்தக் காலத்தில் 'உடன்'. பிள்ளை பெறும் பெண்ணுக்கு உடனிருப்பவள். மீன் விற்றவள் 'ஃபிஷ்வைஃப்'. ஏல் என்னும் மதுவைக் காய்ச்சி விற்றவள் 'ஏல்வைஃப்'. ஆணுக்கு அன்றிருந்த சொல் 'வேர்'. அது வழக்கொழிந்து இன்று ஓநாய் மனிதனான 'வேர்வுல்ஃப்'பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆணின் பழைய பெயர் பேய்க்கதைக்குப் போய்விட்டது. பெண்ணின் பழைய பெயர் கல்யாணத்துக்குப் போய்விட்டது.

ஆக, ஹவுஸ் ஒய்ஃப் என்பது தொடக்கத்தில் 'வீட்டின் பெண்', வீட்டை நடத்துகிறவள். 13ஆம் நூற்றாண்டிலிருந்தே எழுத்தில் கிடைக்கிற சொல். மாணவிகள் எப்போதும் ஆச்சரியப்படுவது இதற்கு ஜோடியான சொல்லைச் சொல்லும்போதுதான். 'ஹஸ்பண்ட்' என்பதிலும் வீடு இருக்கிறது. வடக்கிலிருந்து வந்த ஸ்காண்டிநேவியர்களின் 'ஹூஸ்போண்டி'யிலிருந்து வந்தது அது. ஹூஸ் என்றால் வீடு. போண்டி என்றால் நிலம் வைத்துக் குடியிருப்பவன், நம் ஊரில் சொல்கிற குடியானவன். இரண்டு சொல்லுக்கும் ஒரே வாசல்படி.

அப்புறம் நடந்ததுதான் கதை. ஹஸ்பண்ட் என்பவன் வீட்டை விட்டு வெளியே வந்தான். நிலத்தை உழுகிறவன் ஆனான். உழவும் மாடு வளர்ப்பும் 'ஹஸ்பண்டரி' ஆயின. சிக்கனமாகக் கையாள்வதற்கு 'ஹஸ்பண்ட்' என்றே ஒரு வினைச்சொல் வந்தது. கப்பலின் வரவு செலவைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரிக்குக் கூட 'ஷிப்ஸ் ஹஸ்பண்ட்' என்று பெயர். இன்று கணவன் என்கிற பொருளில் அந்தச் சொல்லைச் சொல்லும்போது அதற்குள் வீடு இருப்பது யாருக்கும் கேட்பதில்லை. பெண்ணின் சொல்லில் வீடு அப்படியே நின்றது. நாள் ஆக ஆக இன்னும் சத்தமாகக் கேட்டது.

இருந்தாலும் அந்த வீடு நாம் நினைக்கிற வீடு இல்லை. 1613இல் ஜெர்வேஸ் மார்க்கம் என்பவர் இங்கிலாந்தின் குடியானவனுக்கு ஒரு கையேடு எழுதினார். பெயரில் 'ஹஸ்பண்ட்மேன்' இருக்கும். 1615இல் 'ஹஸ்வைஃப்' என்று பெண்ணுக்கான கையேடு வந்தது. (பெண்ணின் வேலையைப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்க ஆண் புத்தகம் எழுதுவது அப்போதே ஆரம்பித்துவிட்டது. எடுத்தவுடன் குணநலன் பற்றிய அறிவுரை வேறு.) ஆனால் அதில் அந்தப் பெண் செய்யவேண்டிய வேலைகளின் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும். மருந்து தயாரிப்பு, சமையல், வடிநீர் இறக்குவது, கம்பளியும் சணலும் ஆளியும் நூற்பது, சாயம் தோய்ப்பது, தானியத்தை முளைகட்டி மால்ட் ஆக்குவது, பீர் காய்ச்சுவது, ரொட்டி சுடுவது. அப்புறம் பால், வெண்ணெய், பாலாடைக்கட்டி. இன்றைய கணக்கில் அரை டஜன் தொழிற்சாலைகள் செய்கிற வேலை. மிஞ்சியது சந்தைக்குப் போகும், காசு வரும். ஹவுஸ் ஒய்ஃப் என்றால் அன்று இதெல்லாம் தெரிந்தவள்.

பால் என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். அது பெண்ணின் புத்தகத்தில்தான் இருக்கிறது. பால்பண்ணையைக் குறிக்கும் 'டெய்ரி' என்ற சொல்லே பெண்ணிலிருந்து வந்ததுதான். 'டெய்' என்றால் பால் வேலை பார்க்கும் பணிப்பெண். இன்னும் பின்னால் போனால் மாவு பிசைபவள். 'லேடி' என்ற சொல்லும் அதே மாவிலிருந்து பிறந்தது. ரொட்டி மாவைப் பிசைபவள் லேடி, ரொட்டியைக் காவல் காப்பவன் லார்ட். பிசைந்தது யார், சாவியை வைத்துக்கொண்டது யார் என்பதை மொழி அப்போதே எழுதி வைத்துவிட்டது.

இனி ஹஸ்ஸிக்கு வருவோம். ஹவுஸ் ஒய்ஃப் என்ற சொல் வாயில் புரண்டு புரண்டு 'ஹஸிஃப்' ஆகி, 'ஹஸ்ஸி' ஆயிற்று. 16ஆம் நூற்றாண்டில் ஹஸ்ஸி என்றால் இன்னும் வீட்டுத் தலைவிதான். பிறகு கிராமத்துப் பெண், அப்புறம் திமிர் பிடித்தவள், 17ஆம் நூற்றாண்டில் ஒழுக்கம் கெட்டவள். நீளமான வடிவமும் தப்பவில்லை. ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ'வில் உடலை விற்றுப் பிழைப்பவளாகப் பியாங்காவைச் சொல்லும் இடத்தில் இயாகோ பயன்படுத்துவது இந்தச் சொல்லைத்தான். ஆங்கிலத்தில் பெண்ணைக் குறிக்கும் எத்தனையோ சொற்கள் இப்படிச் சேற்றில் இறங்கியிருக்கின்றன. நூல் நூற்றவள் 'ஸ்பின்ஸ்டர்', பிறகு கல்யாணமாகாதவள், பிறகு கல்யாணம் ஆகாமலே போனவள். இங்கிலாந்தின் திருமணப் பதிவேடுகளில் 2005 வரை அந்தச் சொல் இருந்தது. ஆணைக் குறிக்கும் 'பேச்சிலர்' சேற்றைப் பார்த்ததே இல்லை.

ஹஸ்ஸி கெட்டுப்போன பிறகு நல்ல குடும்பத்துப் பெண்ணை எப்படி அழைப்பது? பழைய சொல்லை நிறுத்தி, ஹவுஸ், ஒய்ஃப் என்று இரண்டையும் முழுசாக உச்சரித்தார்கள். ஒரே சொல் இரண்டாகக் கிழிந்தது. தேய்ந்தது தெருவுக்கு, தேயாதது வீட்டுக்கு. வகுப்பில் நான் சிரித்துக்கொண்டே கடந்துபோன இடம் இதுதான். ஹவுஸ் ஒய்ஃப் என்ற சொல்லின் கௌரவமே 'நான் அவள் இல்லை' என்பதில்தான் நிற்கிறது. (தேய்ந்த இன்னொரு வடிவமான 'ஹஸிஃப்' வேறு வழியில் போயிற்று. ஊசி, நூல், பொத்தான் வைக்கும் சிறிய துணிப்பைக்கு அந்தப் பெயர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் மூட்டைக்குள் அதைக் கொண்டுபோனார்கள். கிழிசலைத் தைக்க ஆளுக்கொரு ஹவுஸ் ஒய்ஃப்.)

அப்புறம் மில் வந்தது. 1771இல் குரோம்ஃபோர்டில் ஆர்க்ரைட்டின் நூற்பாலை. நூல் வீட்டை விட்டுப் போயிற்று. பீர் அதற்கு முன்பே பெரிய காய்ச்சும் ஆலைகளுக்குப் போயிருந்தது. லாபம் வந்தவுடன் ஏல்வைஃப்களின் இடத்தில் ஆண்கள் வந்தார்கள். சந்தை பெரிதாகப் பெரிதாகப் பாலும் வெண்ணெயும் அதே வழியில் போயின. காசு வருகிற வேலை ஒவ்வொன்றாக வாசலைத் தாண்ட, காசு வராத வேலை வீட்டுக்குள் தங்கியது. தங்கிய வேலையைச் செய்தவளுக்கும் சொல் மாறவில்லை. அந்தச் சொல்லின் பொருள்தான் காலியாயிற்று. அதை அரசாங்கமே எழுத்தில் போட்டது. இங்கிலாந்தின் 1851 கணக்கெடுப்பு மனைவி, தாய் என்று வீட்டு வேலை செய்கிற பெண்களுக்கென ஒரு வகுப்பை வைத்திருந்தது. 1881இல் அவர்களைத் தொழில் இல்லாதவர்கள் வரிசைக்கு மாற்றினார்கள். முந்தின நாள் செய்த வேலையைத்தான் அடுத்த நாளும் செய்தார்கள்.

பொருளாதார அறிஞர் பிகு 1920இல் எழுதிய நலப் பொருளாதார நூலில் ஒரு புதிர் இருக்கிறது. ஒருவர் தன் வீட்டுச் சமையல்காரியைக் கல்யாணம் செய்துகொண்டால் நாட்டின் வருமானம் குறைந்துவிடும். சோறு அதே சோறு, சம்பளம் மட்டும் நின்றுபோகும். வகுப்பில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். என் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அக்காவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "உங்க வீட்டுல தேய்ச்சா வேலைக்காரி, எங்க வீட்டுல தேய்ச்சா சும்மா" என்றார். கல்லூரிக்குப் போய் மாதச் சம்பளம் வாங்குகிற நான் பெண்ணியம் பேசுவதற்கு நேரம் கொடுப்பவர் அவர். இந்தச் சொல்லைப் பற்றிய பேச்சில் அவரையும் சேர்க்காவிட்டால் அது பாதிப் பேச்சுதான்.

அந்தச் சொல் இந்தியாவுக்கு ஆங்கிலேயரின் சட்டத்தோடும் படிவத்தோடும் வந்தது. இன்று நம் வாயில் தமிழ்ச் சொல் மாதிரியே உட்கார்ந்திருக்கிறது. 'சும்மா ஹவுஸ் ஒய்ஃபா இருக்கேன்' என்பதில் 'சும்மா'வைத்தான் நாம் சேர்த்துக்கொண்டோம். நம்மிடம் அதற்கு முன்பே வீடு ஒட்டிய சொற்கள் இல்லாமலில்லை. மனைவிக்குள் மனை இருக்கிறது. இல்லாளுக்குள் இல்லம் இருக்கிறது. இல்லாளுக்கு ஆண்பால் தேடி இல்லான் என்று சொன்னால் ஒன்றும் இல்லாதவன் என்று பொருளாகிவிடுகிறது. வீடு பெண்ணோடு மட்டும்தான் ஒட்டும் என்பதில் இரண்டு மொழிக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

வழக்கு நடந்தபோது தீர்ப்புகளைத் தேடிப் படித்தேன். 1989இல் ஜாம்ஷெட்பூரில் ஒரு விழாப் பந்தல் தீப்பிடித்து நிறையப் பெண்களும் குழந்தைகளும் இறந்தார்கள். அந்த வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றம் வீட்டுப் பெண்ணின் உழைப்புக்கு விலை போட்டது. 34 முதல் 59 வயது வரை மாதம் 3,000 ரூபாய். 62 முதல் 72 வரை வருடத்துக்கு 20,000. அம்மாவுக்கு 61. இரண்டுக்கும் நடுவே விழுந்துவிட்டார். மோட்டார் வாகனச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இன்னொரு கணக்கு அப்போது இருந்தது. சம்பாதிக்காத மனைவியின் மதிப்பு, உயிரோடு இருக்கும் கணவனின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு. பால் பணம் அப்பாவின் வருமானம் என்றால், அம்மா கறந்த பாலின் மூன்றில் ஒரு பங்கு அம்மாவுக்குத் திரும்பக் கிடைக்கும்.

2010இல் ஒரு விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் கோபப்பட்டது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீட்டு வேலை செய்யும் பெண்களைப் பிச்சைக்காரர்கள், பாலியல் தொழிலாளர்கள், சிறைக்கைதிகள் ஆகியோருடன் ஒரே வரிசையில் வைத்ததைக் கண்டித்தது. இழப்பீட்டையும் கூட்டிக் கொடுத்தது. முதலில் படித்தபோது எனக்குக் கைதட்டத் தோன்றியது. இரண்டாம் முறை படித்தபோது ஒன்று உறுத்தியது. கணக்கில் சேர்க்காதது தப்பு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவமானம் எங்கே இருக்கிறது? கணக்கில் சேராததிலா, பக்கத்தில் நிற்கிறவள் யார் என்பதிலா? பாலியல் தொழிலாளிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார்களே என்று நானும்தான் கொதித்தேன். 'நான் அவள் இல்லை' என்கிற அந்தப் பழைய கிழிசல் என் கோபத்துக்குள்ளும் இருந்தது. அவள் உழைப்பையும் கணக்கில் எடுக்காமல் விட்டார்கள் என்பது எனக்கு இரண்டாம் வாசிப்பில்தான் உறைத்தது.

இன்னொன்றும் கிடைத்தது. 2001 கணக்கெடுப்பிலேயே, விற்பதற்கு இல்லாமல் வீட்டுத் தேவைக்காக மட்டும் பால் உற்பத்தி செய்தால்கூட அது வேலை என்று விதி இருக்கிறது. அந்த விதிப்படி அம்மா உழைப்பாளி. கணக்கெடுக்க வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து "அம்மா என்ன பண்றாங்க?" என்று கேட்டிருப்பார். "வீட்டுல இருக்காங்க" என்று யாரோ சொல்லியிருப்போம். அம்மா அப்போது கட்டுத்தரையில் இருந்திருப்பார். சட்டம் திறந்து வைத்த கதவைக்கூட நம் சொல் சாத்திவிடுகிறது.

மாடு ஈனும் இரவுகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. அப்பா டார்ச் பிடிப்பார். கன்று திரும்பிக்கொண்டிருந்தால் கையை உள்ளே விட்டுத் திருப்பி எடுப்பவர் அம்மா. எந்த மாடு எப்போது பருவத்துக்கு வரும், எப்போது சினை ஊசி போட ஆளைக் கூப்பிட வேண்டும், மடி வீங்கினால் எதைப் பூச வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. எங்கள் ஊர் ஆஸ்பத்திரிப் பலகையில் 'கால்நடை பராமரிப்புத் துறை' என்று தமிழில் இருக்கும், கீழே ஆங்கிலத்தில் 'அனிமல் ஹஸ்பண்டரி'. அம்மா வாழ்நாள் முழுக்கச் செய்த வேலைக்கு ஆங்கிலத்தில் பெயரே ஹஸ்பண்ட்தான். வேலை பெயரும் அவருடையது இல்லை, பாஸ்புக் பெயரும் அவருடையது இல்லை. மகள் சாட்சி சொல்லப் போனபோது மிச்சமிருந்த பெயரைக் கொடுத்தாள்.

பெயரை மாற்றினால் தீருமா? 2023இல் உச்ச நீதிமன்றம் வெளியிட்ட பாலினக் கையேடு 'ஹவுஸ் ஒய்ஃப்' வேண்டாம், 'ஹோம்மேக்கர்' என்று எழுதுங்கள் என்கிறது. தமிழில் நாம் முன்பே இல்லத்தரசி என்று சொல்லத் தொடங்கிவிட்டோம். எனக்கு அரசி என்ற சொல்லின் மீது நம்பிக்கை வரவில்லை. அரசிக்குக் கஜானா உண்டு, இவளுக்கு மளிகைச் சீட்டுதான். சம்பளம் கொடுக்க மனமில்லாத இடத்தில்தான் பட்டம் கொடுப்பார்கள். 1970களில் மரியரோசா டல்லா கோஸ்டாவும் செல்மா ஜேம்ஸும் சில்வியா ஃபெடரிச்சியும் வீட்டு வேலைக்குக் கூலி கேட்டு இயக்கம் நடத்தினார்கள். அவர்கள் பட்டத்தைக் கேட்கவில்லை. கூலி கொடுத்தால் பெண் நிரந்தரமாக அடுப்படியிலேயே கட்டுண்டுபோவாள் என்று அப்போதே மற்ற பெண்ணியர் எதிர்த்தார்கள். அந்த பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கூலி கொடுக்காமலும் அவள் அங்கேதானே இருந்தாள் என்று எனக்குத் தோன்றும். 2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்குத் தினம் 299 நிமிடம் செலவிடுகிறாள், ஆண் 97 நிமிடம்.

சொல்லுக்கு ஒரு வேலையும் இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது அதற்கு 'உரிமைத் தொகை' என்று பெயர் வைத்தார்கள். உதவித் தொகை என்று வைத்திருக்கலாம். எங்கள் தெருவில் பெயர் விடுபட்ட பெண்கள், 'என் உரிமை ஏன் வரவில்லை' என்று கேட்டுத் தாலுகா ஆபீசுக்குப் போனார்கள். உதவி வரவில்லை என்றால் போயிருப்பார்களா தெரியாது. அதே வருடம் ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் கணவனால் சம்பாதிக்க முடிந்தது, ஆகவே அப்படி வாங்கிய சொத்தில் அவளுக்கும் சம பங்கு உண்டு என்றது. அங்கே அரசியும் இல்லை, தெய்வமும் இல்லை, பங்கு இருந்தது.

2018இல் எங்கள் தீர்ப்பு வந்தது. மாதம் 5,000 என்று எடுத்துக்கொண்டார்கள். வருடத்துக்கு 60,000. அதில் மூன்றில் ஒரு பங்கை அம்மாவின் சொந்தச் செலவு என்று கழித்தார்கள். சொந்தச் செலவு என்று ஒரு பங்கை எல்லோருக்கும் கழிப்பார்கள், விதி அது. தீபாவளிக்கு ஒரு புடவையும் தலைவலிக்கு ஒரு தைலமும் தவிர அம்மா தனக்கென்று செலவழித்து நான் பார்த்ததில்லை. மீதி 40,000. வயதுக்கு ஏற்ற எண் ஏழு. பெருக்கினால் 2,80,000. தையல்காரி என்று சொல்லியிருந்தால் 5,04,000 வந்திருக்கும் என்று அண்ணன் வாசலில் நின்றபடியே கணக்குப் போட்டுச் சொன்னான். பொய்க்கும் என் உண்மைக்கும் நடுவே 2,24,000 ரூபாய். நான் பதில் பேசவில்லை. பணத்துக்காக அவன் அப்படிச் சொன்னான் என்று அன்று நினைத்தேன். இன்று அப்படி நினைக்கவில்லை. அம்மா தையல்காரி இல்லை என்பது அவனுக்கும் தெரியும். ஏதாவது ஒரு வேலைக்காரியாக அம்மா அந்தக் காகிதத்தில் இருக்கவேண்டும் என்று அவன் விரும்பியிருக்கலாம்.

தீர்ப்பை வீட்டில் அப்பாவுக்குத் தமிழில் வாசித்துச் சொன்னேன். மாடுகளை அவர் நான்கே மாதத்தில் சந்தையில் விற்றுவிட்டிருந்தார். காலியான கட்டுத்தரையைப் பார்த்தபடி கட்டிலில் உட்கார்ந்து கேட்டார்.

"மாட்டைப் பத்தி ஒண்ணும் எழுதலையா கண்ணு?"

"இல்லீங்கப்பா. பாஸ்புக் உங்க பேர்ல இருந்ததால எடுத்துக்கல."

"பேரு எம்பேரு. ஊத்தினது அவதான்னு சொசைட்டியில எல்லாத்துக்கும் தெரியுமே. நான் ஒரு நாள் கறந்ததில்ல, அது என்கிட்ட நிக்கவும் நிக்காது." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "கோர்ட்டுல என்னைக் கூப்பிட்டிருந்தா சொல்லியிருப்பேன். யாரும் என்கிட்டக் கேக்கலையே."

நானும் கேட்டிருக்கவில்லை.